வண்டுக் கார் வளர்ந்த கதை

வாரம் 5 மார்க் சேமித்து வந்தால் போதும். ஒவ்வொரு ஜெர்மானியனும் பெண்டாட்டி பிள்ளைகளைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசப் பிரயாணம் போய் வரலாம்! 1938-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹிட்லர் சர்க்கார் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கி, நாடு முழுவதும் சேமிப்புப் புத்தகங்களை விநியோகித்தது. வாரா வாரம் ஒரு ஸ்டாம்பு வாங்க வேண்டும். அதைப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். காரின் விலை 990 மார்க். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலு வருஷத்துக்குள் முழுத் தொகையும் சேர்ந்துவிடும். இன்ஷூரன்சுக்கு மட்டும் 200 மார்க் தனி.

ஜனங்கள் நம்பினார்கள். சுமார் 3,36,000 பேர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள். தொழிலாளிக்காகவே செய்யப்படும் கார் என்று தமுக்கு அடித்தார்களே தவிர, சேர்ந்தவர்களில் ஆலைத் தொழிலாளர் குறைவு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த நடுத்தர வகுப்பாரே அதிகம். அவர்கள் கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. நடுவில் நிறுத்திக்கொண்டால் கட்டியது போனதுதான். அப்படியும் சுமார் 28 கோடி மார்க் சேர்ந்தது.

எத்தனை பேருக்குக் கார் கிடைத்தது? ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை!

உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனிகளுள் ஒன்றாகிய வோக்ஸ்வாகனின் சரித்திரம் இப்படித்தான் ஆரம்பமாகிறது. ஜெர்மன் பாஷையில் 'வோக்ஸ்' என்றால் மக்கள். 'வாகன்' என்றால் வண்டி. மக்கள் வண்டி என்று பெயர் வைத்துவிட்டு மக்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுக்காமல் போன கதை அது. ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை.

தகரக் கொல்லர் மகன்

ஹிட்லருக்குக் கார் மோகம் அதிகம். ஓட்டுவதற்கு லைசென்ஸ்தான் கிடையாது. டிரைவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போவதே அவர் வழக்கம். பதவிக்கு வந்த மறு ஆண்டு, 1934-ல், பெர்லின் மோட்டார் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசியபோது, ஏழை எளியவர்கள் வாங்கக் கூடிய கார் ஒன்று வேண்டும் என்றார். அதை வடிவமைக்கும் வேலை பெர்டினாண்ட் போர்ஷே என்ற எஞ்சினியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

போர்ஷே 1875-ல் பொஹீமியாவில் பிறந்தவர். தகப்பனார் தகரக் கொல்லர். பெரிய படிப்பு ஒன்றும் படிக்காமல் அனுபவத்தாலேயே உயர்ந்தவர். டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்து, மேலதிகாரிகளுடன் ஒத்துப்போகாமல் வெளியேறி, 1931-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாக ஒரு டிசைன் ஆபீஸ் திறந்தவர். மலிவு விலைக் கார் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

அவர் வரைந்த காரின் எஞ்சின் பின்பக்கம் இருந்தது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். ரேடியேட்டரே இல்லாததால் ஐரோப்பாவின் கடுங்குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் என்ற பயம் இல்லை. வீட்டில் கார் ஷெட் இல்லாதவனும் தெருவிலேயே நிறுத்தி வைக்கலாம். முதுகு வளைந்து, மூக்கு தாழ்ந்து, பார்ப்பதற்கு ஒரு வண்டைப் போலவே இருந்தது அந்தக் கார்.

இதெல்லாம் போர்ஷே ஒருவரின் மூளையில் உதித்ததா என்றால், இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா கம்பெனியில் ஹான்ஸ் லெட்விங்கா என்ற எஞ்சினியர் இதே மாதிரி அமைப்பில் கார்கள் செய்து வந்தார். யோசெப் கான்ஸ் என்ற யூத எஞ்சினியர், பத்திரிகையில் எழுதியும் மாதிரிக் கார்கள் செய்து ஓட்டியும் இந்த யோசனையைப் பரப்பியவர். 1933-ல் நாஜிகள் கான்ஸைக் கைது செய்தார்கள். விடுதலையான பிறகு அவர் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் 1967-ல் ஆஸ்திரேலியாவில் காலமானார். டாட்ரா கம்பெனிக்கு யுத்தத்துக்குப் பிறகு வோக்ஸ்வாகன் நஷ்ட ஈடு கொடுத்தது. கான்ஸின் பெயரோ வெகு காலம் யாருக்கும் ஞாபகமில்லாமல் கிடந்தது.

990 மார்க்குக்குக் கார் செய்ய முடியாது என்று மற்ற மோட்டார் கம்பெனிகள் கையை விரித்தன. அப்போது ஜெர்மனியில் மலிவான கார் என்று பேர் பெற்ற ஓப்பல் பி-4 கூட 1,450 மார்க். ஆகவே நாஜிகளின் தொழிலாளர் ஸ்தாபனமே ஆலை கட்ட முன்வந்தது. அந்த ஸ்தாபனத்தின் பணம் எங்கிருந்து வந்தது? 1933-ல் தொழிற்சங்கங்களை ஒழித்துக்கட்டி, அவற்றின் சொத்துக்களைப் பிடுங்கிக்கொண்டார்களே, அதிலிருந்து வந்தது! 1938-ம் ஆண்டு மே 26-ந் தேதி பாலர்ஸ்லேபன் என்ற ஊருக்கருகே ஹிட்லரே அஸ்திவாரக் கல் நாட்டினார். ஆலையைச் சுற்றி ஒரு புதிய நகரமும் எழும்பத் தொடங்கியது.

வண்டு போருக்குப் போனது

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மக்கள் கார் மூலைக்குப் போயிற்று. அதே சட்டத்தின் மேல் ராணுவத்துக்குத் திறந்த வண்டிகள் கட்டப்பட்டன. தண்ணீரில் மிதந்து செல்லும் வண்டிகளும் கட்டப்பட்டன. முன்னதில் சுமார் 50,000, பின்னதில் சுமார் 14,000. லண்டன் மீது ஏவப்பட்ட வி-1 பறக்கும் குண்டுகளின் பாகங்களும் இங்கே தயாராயின. வண்டு வடிவக் கார்கள் சில நூறு மட்டுமே செய்யப்பட்டு நாஜி பெரிய மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தன. வீட்டில் உட்கார்ந்து ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆலையில் வேலை செய்தவர்கள் யார்? ஆண்பிள்ளைகளெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால், போலந்து, ருஷ்யா, பிரான்ஸ், ஹாலந்து முதலிய தேசங்களிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும், யுத்தக் கைதிகளும், சித்திரவதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்களும் வேலை வாங்கப்பட்டார்கள். யுத்த காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இப்படிக் கட்டாய வேலை செய்தவர்கள் சுமார் 20,000 பேர். ஒரு கட்டத்தில் ஆலையிலிருந்தவர்களில் பாதிக்கு மேல் இவர்களே.

இந்தக் கம்பெனியின் கதையில் எல்லாவற்றையும்விடக் கொடியது ரூயன் என்ற கிராமத்தில் நடந்தது. போலந்து, ருஷ்யப் பெண்கள் பிள்ளை பெற்றதும், தாய்மார் உடனே வேலைக்குத் திரும்ப வேண்டுமென்பதற்காகக் குழந்தைகளைப் பிரித்துக்கொண்டுபோய் ஆலை நடத்திய ஒரு விடுதியில் போட்டார்கள். சுத்தமில்லை, சரியான ஆகாரமில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் அங்கே மாண்டன. அதற்குப் பொறுப்பாயிருந்த ஆலை டாக்டருக்குப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, 1947-ல் அது நிறைவேற்றப்பட்டது.

29 வயது மேஜர்

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது. பிறகு அந்தப் பிரதேசம் பிரிட்டிஷார் வசம் வந்தது. அருகேயிருந்த பழைய கோட்டையின் பெயரால் ஊருக்கு உல்ஃப்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். ஆகஸ்டு மாதம் ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜர் ஆலைப் பொறுப்பை ஏற்க வந்தார். வயது 29. இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர், கடிகாரத் தொழிலில் ஈடுபட்ட குடும்பம்.

அவர் கண்ட காட்சி எப்படியிருந்தது? அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் கூரை பொத்தல் பொத்தலாகக் கிடந்தது. மழை பெய்தால் உள்ளேயும் மழை. வெடிக்காத குண்டொன்று மின்சார நிலையத்தின் இரண்டு டர்பைன்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. அது வெடித்திருந்தால் வோக்ஸ்வாகன் என்ற பெயரையே இன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இயந்திரங்களில் பெரும்பகுதி தப்பியிருந்தது. கம்பெனிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஆலையைப் பிரித்து இயந்திரங்களை யுத்த நஷ்ட ஈடாக எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே வெற்றி பெற்ற நாடுகளின் எண்ணம்.

ஹர்ஸ்ட் ஒரு பழைய வண்டுக் காரைத் தேடிப் பிடித்து, ராணுவப் பச்சை வர்ணம் அடித்து, பிரிட்டிஷ் தலைமையகத்துக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் படைக்கு அப்போது சின்ன வண்டிகளுக்குப் பெரும் பஞ்சம். காரைப் பார்த்த மேலதிகாரிகள் 20,000 வண்டிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். அந்த ஒரு ஆர்டர்தான் ஆலையின் உயிரைக் காப்பாற்றியது.

ஆர்டர் கிடைத்துவிட்டால் கார் வந்துவிடுமா? எஃகுக்குப் பஞ்சம், நிலக்கரிக்குப் பஞ்சம், சோற்றுக்கே பஞ்சம். கார்புரேட்டர் கிடைக்கவில்லை என்றதும் ஹர்ஸ்ட் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, பெரிய பாகங்களை ஆலையிலேயே வார்க்கச் சொன்னார்; நுட்பமான சிறு பாகங்களைச் செய்து தரும்படி பக்கத்து நகரிலிருந்த காமிரா கம்பெனியைப் பிடித்தார். 1945 டிசம்பர் 27-ந் தேதி ஒழுங்கான உற்பத்தி தொடங்கியது. வருஷம் முடிவதற்குள் தயாரானவை 55 கார்கள்! ஆனால் 1946 மார்ச்சில் ஒரே மாதத்தில் 1,000 கார்கள் வெளியே வந்தன.

பிரிட்டிஷ் மோட்டார் முதலாளிகள் ஆலையை வந்து பார்த்தார்கள். இந்தக் கார் அழகில்லை, சத்தம் அதிகம், ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அமெரிக்க போர்டு கம்பெனியுடன் நடந்த பேச்சும் கைகூடவில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் கார்த் தொழிலுக்கு நேர்ந்த கதியைப் பார்க்கிறபோது, அந்த நிபுணர்களின் அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஹர்ஸ்ட் 1949-ல் விடைபெற்றுச் சென்றார். அவர் கொண்டுபோன பரிசு, ஒரு சின்ன மாதிரி வண்டுக் கார். சாகிற வரையில், ஆலையைக் காப்பாற்றியது தாம்தான் என்று அவர் தம்பட்டம் அடித்ததில்லை. 2000-ம் ஆண்டில் காலமானார்.

உருவம் மாறாது!

1948 ஜனவரியில் ஹைன்ரிக் நோர்டாப் நிர்வாகத் தலைவரானார். யுத்த காலத்தில் ஓப்பல் கம்பெனியின் லாரி ஆலையை நடத்தியவர். அந்தக் காரணத்தாலேயே அமெரிக்கர் வசமிருந்த பகுதியில் அவருக்கு வேலை கொடுக்கத் தடை. பிரிட்டிஷார் பகுதியில் தடை இல்லை. அமெரிக்கர் தள்ளியவரைப் பிரிட்டிஷார் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பலனை அடைந்தது ஜெர்மனி!

அந்த ஆண்டு ஜூன் மாதம் பழைய நாணயம் ஒழிந்து புதிய மார்க் வந்தது. கடைகளில் சாமான்கள் தோன்றின. உழைத்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை பிறந்தது. நோர்டாப் ஒரு பிடிவாதமான முடிவு செய்தார். காரின் உருவத்தை மாற்றக் கூடாது. உள்ளே இருக்கும் பாகங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சீர்படுத்திக்கொண்டே வரவேண்டும். ஸ்பேர் பாகங்களும் பழகிய மெக்கானிக்கும் இல்லாத ஊரில் ஒரு கார்கூட விற்கக் கூடாது. அமெரிக்கக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு புது மோஸ்தர் காட்டிக்கொண்டிருந்த நாளில் இது பைத்தியக்காரத்தனமாகவே பலருக்குப் பட்டது.

அந்தக் காரில் குறைகள் இல்லாமலில்லை. 1961 வரையில் பெட்ரோல் அளவு காட்டும் முள்கூட அதில் கிடையாது. எஞ்சின் விக்கத் தொடங்கினால் காலடியிலுள்ள பிடியைத் திருப்பி ரிசர்வ் பெட்ரோலைத் திறந்துவிட்டுக்கொண்டு பம்பைத் தேட வேண்டியதுதான். பெட்டி வைக்க இடம் போதாது. பலத்த பக்கக் காற்று அடித்தால் வண்டி ஆடும். ஆனால் கட்டுமானம் அபாரம். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தவே முடியாது. ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால்தான் சாத்தலாம்! இன்னொரு கம்பெனியாயிருந்தால் இதைக் குறை என்று மறைத்திருக்கும். வோக்ஸ்வாகன்காரர்கள் இதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள்.

ஹாலந்து வியாபாரி பென் போன் 1947-ல் இந்தக் காரை முதன் முதலாக வெளிநாட்டுக்கு வாங்கிச் சென்றவர். ஆலைக்குள் சாமான் ஏற்றிச் செல்ல வண்டுச் சட்டத்தின் மேல் பலகை அடித்து ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அவர், நோட்டுப் புத்தகத்தில் பெட்டி போல ஒரு வண்டியைக் கிறுக்கிக் காட்டினார். 1950-ல் உற்பத்திக்கு வந்து, பால்காரர் முதல் பாட்டுக்கார ஹிப்பிகள் வரை கோடிக்கணக்கானவர்களைச் சுமந்த வோக்ஸ்வாகன் வேன் அந்தக் கிறுக்கலிலிருந்து பிறந்ததே.

1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது வண்டுக் கார் தங்க வர்ணம் பூசப்பட்டு வெளிவந்தது. போர்ஷே அதைப் பார்க்கவில்லை. யுத்தத்துக்குப் பின் பிரெஞ்சுக்காரர் சிறையில் வெகு நாள் இருந்துவிட்டு, 1951 ஜனவரியில் அவர் இறந்துபோனார்.

ஸ்டாம்பு ஒட்டியவர்கள் என்ன ஆனார்கள்?

சேமிப்புப் பணம் முழுவதும் பெர்லின் பாங்கியில் இருந்தது. 1945-ல் ருஷ்யர் அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். பணம் போயிற்று; ஸ்டாம்பு ஒட்டிய புத்தகங்கள் மட்டும் வீட்டு அலமாரிகளில் இருந்தன. வீதியில் வண்டுக் கார்கள் ஊர்வலம் போவதைப் பார்த்த பழைய சந்தாதாரர்கள் சும்மா இருப்பார்களா? சங்கம் சேர்த்து வழக்குத் தொடுத்தார்கள்.

உங்கள் பணம் நாஜி ஸ்தாபனத்துக்குப் போனது. ஆலைக்கு ஒரு பைசாவும் வரவில்லை. ஆகவே ஆலை பொறுப்பல்ல என்பது கம்பெனியின் வாதம். எங்கள் பணத்தைக் காட்டித்தானே இந்த ஆலைக்கு இத்தனை பேர் வந்தது என்பது சந்தாதாரர்களின் எதிர்வாதம். வழக்கு கோர்ட்டுக்குக் கோர்ட் ஏறியது, இறங்கியது. பன்னிரண்டு வருஷம் இழுத்து, 1961-ல் ராஜியாக முடிந்தது. முழுத் தொகை கட்டியவர்களுக்குப் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால் ரொக்கமாக 100 மார்க்! 1938-ல் 25 வயதில் முதல் ஸ்டாம்பு ஒட்டியவருக்கு அப்போது வயது 48.

அதே 1961-ல் சர்க்காரிடமிருந்த கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. லோயர் ஸாக்ஸனி மாகாண சர்க்கார் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டது. இன்றைக்கும் 20 சதவிகித ஓட்டு அதனிடம் இருக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகளும் மாகாண மந்திரிகளும் உட்கார்ந்திருக்கும் நிர்வாக சபையில் ஆலையை மூடுவது லேசான காரியமல்ல.

எலுமிச்சம்பழம்

அமெரிக்காவில் 1949-ல் இரண்டே இரண்டு வண்டுக் கார்கள்தான் விலை போயின. கப்பல் கப்பலாக நீண்ட கார்களில் பவனி வந்த ஜனங்களுக்கு இந்தக் குட்டிக் கார் வேடிக்கையாயிருந்தது. அதுவும் ஹிட்லர் விதை போட்ட கார்! அதை அமெரிக்காவில் பிரபலப்படுத்தியது ஒரு விளம்பர ஆபீஸ். அதன் தலைவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக் யூதர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1959-ல் தொடங்கிய அந்த விளம்பரங்கள் தற்பெருமையே பேசவில்லை. பக்கம் முழுவதும் வெறுமையாக விட்டு ஒரு மூலையில் சின்னதாகக் காரைப் போட்டு, சிறியதாக யோசியுங்கள் என்றன. இன்னொன்றில் காரின் படத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் என்ற ஒரே வார்த்தை. அமெரிக்கப் பேச்சில் அதற்கு உதவாக்கரை வண்டி என்று பொருள். ஏன் அப்படி என்று கீழே படித்தால், ஒரு சின்னக் கீறலுக்காக அந்தக் காரை ஆலை சோதனைக்காரர் தள்ளிவிட்டார் என்று இருக்கும்! பொய் சொல்லாத கம்பெனி என்ற பெயரை அந்த விளம்பரங்கள் வாங்கிக் கொடுத்தன. கார் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. இந்தச் சொத்துக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

1972 பிப்ரவரி 17-ந் தேதி 1,50,07,034-வது வண்டுக் கார் வெளிவந்தது. போர்டு கம்பெனியின் பழைய டி மாடல் சாதனை முறியடிக்கப்பட்டது. ஆனால் விருந்து முடிவதற்குள் வயிற்றுவலி வந்துவிட்டது. ஒரே காரை நம்பிக்கொண்டிருந்ததன் பலன். 1974-ல் கம்பெனிக்கு 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம்.

காப்பாற்றியது கோல்ப். தண்ணீரால் குளிரும் எஞ்சின், அதுவும் முன்பக்கம். சக்கரம் சுழல்வதும் முன்பக்கம். உடம்போ சப்பையும் சதுரமும். வண்டில் எதெல்லாம் உண்டோ அதெல்லாம் இதில் தலைகீழ்! இந்த வித்தையை வோக்ஸ்வாகன் எஞ்சினியர்கள் கற்றது, 1960-களில் விலைக்கு வாங்கிய ஆடி கம்பெனியாரிடம். அங்கே லூட்விக் கிரவுஸ் என்பவர், புதுக் கார் எதுவும் செய்யக் கூடாது என்று நோர்டாப் போட்டிருந்த உத்தரவை மீறி, ரகசியமாகவே ஒரு காரை உருவாக்கி வைத்திருந்தார். நல்லவேளை, அவர் கீழ்ப்படியவில்லை!

வண்டுக் கார் ஜெர்மனியில் 1978-ல் நின்றது. மெக்சிகோவில் தொடர்ந்து ஓடி, 2003 ஜூலை 30-ந் தேதி கடைசி வண்டி வெளிவந்தது. மொத்தம் 2,15,29,464.

அதற்குள் போர்ஷேயின் பேரன் பெர்டினாண்ட் பியெக் கம்பெனித் தலைவராகிவிட்டிருந்தார். ஸ்பெயினின் சியட், செக் நாட்டின் ஸ்கோடா ஏற்கெனவே கைக்கு வந்திருந்தன. 1998-ல் பென்ட்லி, லம்போர்கினி, புகாட்டி மூன்றும் வந்து சேர்ந்தன. 2008-ல் தாத்தா பெயர் கொண்ட போர்ஷே கம்பெனியே வோக்ஸ்வாகனை விழுங்கப் பார்த்துக் கடனில் மாட்டிக்கொண்டு, 2012-ல் வோக்ஸ்வாகனால் விழுங்கப்பட்டது தனிக் கதை. உல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 1973 முதல் தொழிலாளருக்காக மசாலா ஸாஸேஜும் தயாராகிறது. அதற்கும் கார் உதிரி பாகத்தைப் போலவே நம்பர் உண்டு. சில வருஷங்களில் வோக்ஸ்வாகன் பெயர் போட்ட கார்களைவிட ஸாஸேஜ்களே அதிகம் விற்றிருக்கின்றன!

பழைய பாவக் கணக்கையும் கம்பெனி ஒரு நாள் திறந்து பார்க்க வேண்டி வந்தது. ஹான்ஸ் மோம்ஸன் என்ற சரித்திரப் பேராசிரியரிடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தார்கள். பத்து வருஷ உழைப்பில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நூல் 1996-ல் வெளியாயிற்று. 1998-ல் உயிரோடிருந்த கட்டாயத் தொழிலாளருக்கு உதவ 2 கோடி மார்க் நிதி ஒதுக்கப்பட்டது. ஆலைக்குள் இருந்த பழைய குண்டுப் பாதுகாப்பு அறை ஞாபகச் சின்னமாக்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாமதம்தான். ஆனால் பல கம்பெனிகள் திறக்கவே பயந்த அலமாரி அது.

புகைக் குழாயில் ஒரு பொய்

டீசல் கார் மலிவாக ஓடும். ஆனால் அதன் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற விஷ வாயு அதிகம். மூச்சுக் குழலைக் கெடுக்கும். அமெரிக்காவில் இதற்கு விதிகள் கடுமை. சுத்தமான டீசல் என்ற கோஷத்துடன் வோக்ஸ்வாகன் அங்கே காலூன்றியது. சோதனைச் சாலையில் கார்கள் அனைத்தும் தேறின. சர்டிபிகேட்டும் கிடைத்தது.

மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் சில ஆராய்ச்சியாளர்கள், சோதனைச் சாலையில் அல்லாமல் சாலையிலேயே ஓடும்போது புகை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்கள். அவர்களில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா இருவரும் இந்தியாவிலிருந்து போனவர்கள். யாரையும் மாட்டிவைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல. டீசல் கார் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஐரோப்பாவுக்கு எடுத்துக்காட்டலாம் என்பதே எண்ணம். காரின் பின்புறம் கருவிகளை ஏற்றிக் கட்டிக்கொண்டு, 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் சியாட்டில் வரை ஓட்டினார்கள். மூன்று கார்களைச் சோதித்ததில் ஒன்று ஏறக்குறையச் சரியாயிருந்தது. வோக்ஸ்வாகன் இரண்டும் சட்டம் அனுமதித்ததைப் போலப் பல மடங்கு விஷத்தைக் கக்கின. ஒன்றில் அது 35 மடங்கு வரை போயிற்று! கருவி கெட்டுவிட்டதோ என்று தங்களையே சந்தேகித்து, திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள். கருவி கெடவில்லை.

கலிபோர்னியா அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி ஒரு வருஷத்துக்கு மேல் சாக்குச் சொல்லிப் பார்த்தது. புது மாடல்களுக்குச் சர்டிபிகேட் கிடையாது என்றதும், 2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. காரிலுள்ள கம்ப்யூட்டருக்கு, தான் சோதனையில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சக்கரம் சுழல்கிறது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால் அது சோதனை மேடை. உடனே புகையை அடக்கிக்கொள்ளும். சாலைக்கு வந்ததும் அடக்கத்தைக் கைவிட்டுவிடும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சரியாக எடை போடும் தராசுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்தது. தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் ராஜினாமாச் செய்தார். 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம், நஷ்ட ஈடு, காரைத் திரும்ப வாங்கிக்கொள்வது எல்லாமாகச் செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அமெரிக்காவில் திரும்ப வாங்கிய கார்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். அவற்றை நிறுத்த இடமில்லாமல் கைவிடப்பட்ட கால்பந்து மைதானத்திலும் கலிபோர்னியா பாலைவனத்திலும் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள்.

2025 மே மாதம் பிரவுன்ஷ்வைக் கோர்ட் பழைய அதிகாரிகள் நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. இருவருக்குச் சிறை, மற்ற இருவருக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. இதற்கு நடுவே வேறு கஷ்டங்களும் சேர்ந்துகொண்டன. சீனாவில் விற்பனை சரிந்தது. மின்சாரக் கார்களில் சீனக் கம்பெனிகள் முந்தின. 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 2030-க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகள் குறைக்கப்படும்.

ஜெர்மனியில் அந்த டீசல் கார்களை வாங்கியிருந்தவர்கள், தாத்தா காலத்து ஸ்டாம்புக்காரர்களைப் போலவே ஒன்றுசேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை பன்னிரண்டு வருஷம் ஆகவில்லை. 2020-ல் ராஜி ஏற்பட்டது. காரின் வயதையும் மாடலையும் பொறுத்து ஆளுக்கு 1,350 யூரோ முதல் 6,257 யூரோ வரை கிடைத்தது. காரும் அவர்களிடமே இருந்தது.